அறுபத்தாறு தூரங்கள்

பன்னிரண்டு பேருடைய ரத்தம். ஆறு பேர் ஒரு மருந்து எடுத்துக்கொண்டவர்கள், மற்ற ஆறு பேர் எடுக்காதவர்கள். ஒவ்வொருவர் ரத்தத்திலிருந்தும் ஆர்என்ஏவை, அதாவது வேலை செய்யும் மரபணுக்களின் நகல்களைப் பிரித்து, அவற்றின் எழுத்து வரிசையைக் கருவியில் படிக்கும் சீக்வென்சிங் முடித்து, எந்த மரபணு எத்தனை முறை எண்ணப்பட்டது என்ற அட்டவணை என் கைக்கு வந்தது. வரிசைக்கு ஒரு மரபணு, பத்திக்கு ஒரு ஆள். சுமார் 20,000 வரிசை, 12 பத்தி.

இப்படி ஓர் அட்டவணை வந்தால் மருந்து எந்த மரபணுவை ஏற்றியது, எதை இறக்கியது என்ற கேள்விக்கு நான் உடனே போவதில்லை. முதலில் எந்த ரத்த மாதிரி எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எது எதிலிருந்து தள்ளி இருக்கிறது என்று பார்ப்பேன். 12 மாதிரி என்றால் 66 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தூரம். அந்த 66 எண்களையும் கட்டம் கட்டமாக நிறம் தீட்டி ஹீட்மேப்பாகப் போட்டால், நெருங்கியவை கூட்டம் சேர்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அன்றைக்கு வந்த படத்தில் இரண்டு கூட்டம் பளிச்சென்று தெரிந்தது. ஒன்றில் 7 பேர், இன்னொன்றில் 5 பேர். நாங்கள் எடுத்ததோ ஆறும் ஆறும். கணக்கு உதைத்தது.

அந்த ஏழுக்கும் ஐந்துக்கும் என்ன அர்த்தம் என்று தெரிந்த கதையைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் 'தூரம்' என்ற சொல்லை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ரத்தக் குழாய்களுக்கு நடுவே அளவுகோல் வைத்து அளக்க முடியாது. எதை வித்தியாசம் என்று எண்ணுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்த பிறகுதான் தூரம் என்ற ஒன்றே பிறக்கிறது. அந்த முடிவை நாம் யோசித்து எடுக்காவிட்டால் மென்பொருள் நமக்காக எடுத்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூன்று பேருடைய மல மாதிரி, அதில் மூன்று பாக்டீரியா: பிரிவோடெல்லா, பாக்டீராய்டிஸ், பிஃபிடோபாக்டீரியம். முதல் ஆளிடம் எண்ணிக்கை 0, 2, 3. இரண்டாம் ஆளிடம் 2, 0, 0. மூன்றாம் ஆளிடம் 0, 8, 12. இதில் முதல் ஆளுக்கு யார் நெருக்கம்?

பள்ளியில் படித்த தூரத்தையே எடுப்போம். வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது, யூக்ளிட் தூரம். முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் 4+4+9, அதாவது 17, வர்க்கமூலம் 4.1. முதல் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் 36+81, அதாவது 117, வர்க்கமூலம் 10.8. ஆக, இரண்டாம் ஆள்தான் நெருக்கம் என்கிறது கணக்கு. எண்களை மறுபடி பாருங்கள். முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் பொதுவாக ஒரு பாக்டீரியாகூட இல்லை. மூன்றாம் ஆளோ முதல் ஆளை அப்படியே நான்கால் பெருக்கியது போல இருக்கிறார். ஒரே மாதிரியை நான்கு மடங்கு அதிகமாக சீக்வென்ஸ் செய்தாலும் இதே எண்கள்தான் வரும்.

ரோஜர் பிரே, ஜான் கர்ட்டிஸ் இருவரும் 1957இல் அமெரிக்காவின் தெற்கு விஸ்கான்சின் காடுகளை ஒப்பிட்டபோது பயன்படுத்திய அளவு ஒன்று இருக்கிறது. வித்தியாசங்களை வர்க்கப்படுத்தாமல் அப்படியே கூட்டி, இரண்டு இடங்களின் மொத்த எண்ணிக்கையால் வகுப்பது. நம் கணக்கில் முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் 7/7 = 1. முழுக்க வேறு வேறு, அதற்கு மேல் தள்ளிப் போக முடியாது. முதல் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் 15/25 = 0.6. எண்ணிக்கையை விகிதமாக மாற்றிவிட்டுப் போட்டால் அதுவும் 0 ஆகிவிடும். மரங்களை எண்ணியவர்கள் கையாண்ட அளவு இன்று குடல் பாக்டீரியா ஆய்வுகளில் அன்றாடம் புழங்குகிறது. பாக்டீரியாக்களுக்குள் உள்ள உறவுமுறையையும், அதாவது யார் பங்காளி, யார் தூரத்துச் சொந்தம் என்பதையும் சேர்த்துப் பார்க்கும் யூனிஃப்ராக் 2005இல் வந்தது. அதற்குள் இப்போது போகவில்லை.

சரி, என் ரத்த மாதிரிகளுக்கு வருகிறேன். ரத்தத்தின் ஆர்என்ஏவில் ஹீமோகுளோபின் மரபணுக்களின் பங்கை முன்கூட்டியே நீக்காவிட்டால், மொத்தத்தில் பாதிக்கும் மேல் அவையே அடைத்துக்கொள்ளும். ஒரு மாதிரியில் 10 லட்சம், இன்னொன்றில் 13 லட்சம் என்று எண்ணிக்கை வரும். இந்த 3 லட்ச வித்தியாசத்தை வர்க்கப்படுத்திப் பாருங்கள். 50இலிருந்து 200க்குப் போன ஒரு நோயெதிர்ப்பு மரபணு அந்த வெள்ளத்தில் இருக்கும் இடம் தெரியாது. 20,000 மரபணுவையும் கேட்டு முடிவு செய்தோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் நாலைந்து மரபணு மட்டும் பேசியிருக்கும்.

இதற்குப் பலரும் செய்வது மடக்கை (லாக்) எடுப்பது. 1000, 1300 ஆனாலும், 10 லட்சம், 13 லட்சம் ஆனாலும் மடக்கையில் ஒரே வித்தியாசம்தான்: அடி 2 என்றால் 0.38. பெரிய மரபணுக்களின் ஆதிக்கம் இதோடு அடங்கிவிடும். ஆனால் கீழே இன்னொரு தொல்லை முளைக்கும். ஒரு மரபணு ஒரு மாதிரியில் 0, இன்னொன்றில் 3. பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது என்பதால் எல்லாவற்றோடும் 1 கூட்டிக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் இந்த வித்தியாசம் 2 என்று வரும். 1000, 4000 ஆனாலும் ஏறக்குறைய அதே 2. முதலாவது வெறும் தற்செயல், இரண்டாவது ரத்தத்தில் உண்மையாகவே ஏதோ நடந்திருப்பதன் அடையாளம். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுகிறது மடக்கை. எண்ணிக்கையில் வரும் தற்செயல் ஆட்டம் சிறிய எண்களில்தான் விகிதத்தில் பெரிது. சராசரி 100 என்றால் கூடக்குறைய 10 ஆடும், பத்து சதவீதம். சராசரி 4 என்றால் 2 ஆடும், அது பாதி. அட்டவணையிலோ இப்படிச் சின்ன எண்கள் உள்ள மரபணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவையெல்லாம் சேர்ந்து இரைச்சல் போட்டால் அந்த இரைச்சலே தூரமாகிவிடும்.

மைக்கேல் லவ், வொல்ஃப்காங் ஹூபர், சைமன் ஆண்டர்ஸ் மூவரும் 2014இல் வெளியிட்ட டிசீக்2 நிரல்தொகுப்பு இதைக் கையாளும் விதம் எனக்குப் பிடித்தமானது. எவ்வளவு ஆழமாக சீக்வென்ஸ் செய்தார்கள் என்ற வித்தியாசத்தை முதலில் சமன் செய்கிறது. பிறகு, ஒரு மரபணு சிறிய எண்ணில் இருந்தாலும் பெரிய எண்ணில் இருந்தாலும் அதன் தற்செயல் ஆட்டம் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும்படி எண்களை மாற்றுகிறது. மேல்பக்கம் மடக்கை போலவே நடந்துகொள்ளும், கீழ்ப்பக்கம் அடக்கி வாசிக்கும். இதற்குப் பிறகு யூக்ளிட் தூரத்தையே எடுத்தாலும் அது நம்பகமாக இருக்கிறது. யூக்ளிட்டில் குற்றமில்லை, அதற்கு நாம் என்ன எண்களைக் கொடுத்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர் என்ற நிரல்மொழியில் தூரம் கணக்கிடும் டிஸ்ட் என்ற கட்டளை வரிசைகளுக்கு நடுவேதான் தூரம் பார்க்கும். நம் அட்டவணையில் மாதிரிகள் பத்தியில் இருக்கின்றன. அதனால் அட்டவணையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எங்களிடம் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி திருப்பாமல் கொடுத்துவிட்டு, கணினி ஏன் இப்படித் திணறுகிறது என்று வந்து நின்றாள். 12 மாதிரிக்கு 66 தூரம். 20,000 மரபணுவுக்கோ கிட்டத்தட்ட 20 கோடி தூரம், அதை நினைவகத்தில் வைக்க மட்டுமே 1.6 ஜிபி வேண்டும். எண்ணிக்கையைக் கையால் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதற்கப்புறம் அவள் எந்த அட்டவணையைத் திறந்தாலும் முதலில் எத்தனை வரிசை, எத்தனை பத்தி என்றுதான் பார்க்கிறாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மரபணுக்கள் தனித்தனியாக ஏறி இறங்குவதில்லை. ஹீமோகுளோபின் மரபணுக்கள் எல்லாம் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒரே செய்தியை நாலு பேர் வந்து சொன்னால் அது நாலு செய்தி ஆகிவிடாது. யூக்ளிட் தூரம் அதை நாலாகத்தான் எண்ணும்.

இதற்கு விடை கல்கத்தாவில் பிறந்தது. அங்கே பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தார் பி.சி. மகலனோபிஸ். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநர் நெல்சன் ஆனண்டேல், கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர்களிடம் எடுத்த உடல் அளவுகளை அவரிடம் கொடுத்து ஆராயச் சொன்னார். அதைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1922இல் வந்தது. அப்போது இரண்டு மக்கள்கூட்டத்துக்கு இடையிலான வேறுபாட்டை அளக்கக் கார்ல் பியர்சனின் அளவு ஒன்று புழக்கத்தில் இருந்தது. அதிக ஆட்களை அளந்தால் அதன் மதிப்பும் ஏறும். அளவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து மாறுவதையும் அது கணக்கில் எடுக்காது. வேறுபாடு இருக்கிறதா என்று சோதிப்பது வேறு, எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது வேறு என்று மகலனோபிஸ் வாதாடினார். 1936இல் அவர் எழுதிய கட்டுரையில் உள்ள அளவைத்தான் உலகம் முழுக்க இன்று மகலனோபிஸ் தூரம் என்கிறார்கள்.

அதை ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டில் காட்டிவிடலாம். ஹீமோகுளோபின் எண்ணை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் சதவீதம் வரும். லேபில் வேலை பார்க்கிற யாருக்கும் தெரிந்த கணக்கு இது. ஒரு கூட்டத்தின் சராசரி 13.5, 40.5 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 15, 45. இன்னொருவருக்கு 12, 45. சராசரியிலிருந்து இருவரும் யூக்ளிட் கணக்கில் ஒரே தூரம்தான்: 1.5 இப்படியோ அப்படியோ, 4.5 மேலே. ஆனால் முதல் சீட்டை லேபில் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். இரண்டாவது சீட்டு வந்தால் கருவியில் கோளாறா, ரத்தம் சரியாக எடுக்கவில்லையா என்று மறுபடி ஓட்டுவார்கள். மகலனோபிஸ் தூரம் அந்த லேப் ஊழியரைப் போல யோசிக்கிறது. திட்டவிலக்கம் 1.5, 4.5, இரண்டும் சேர்ந்து மாறும் அளவான ஒட்டுறவு 0.95 என்று வைத்துப் போட்டால் முதல் ஆளின் தூரம் 1, இரண்டாம் ஆளுடையது 6.3.

இவ்வளவு அழகான கருவி பிறந்த இடம் எனக்கு உவப்பானதல்ல. இனக்கலப்பையும் சாதிகளையும் மூக்கின் அகலத்தாலும் தலையின் நீளத்தாலும் அளந்து, யார் யாருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்ட காலம் அது. மகலனோபிஸ் 1925இல் எழுதியதும் வங்காளத்தின் இனக்கலப்பைப் பற்றித்தான். கணக்கு சரியாக இருந்தாலும் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு இந்த வரலாற்றைப் படித்த பிறகுதான் வந்தது.

என் 12 ரத்த மாதிரிகளுக்கு இந்தத் தூரத்தை நேரடியாகப் போடவும் முடியாது. 20,000 மரபணுக்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று 12 பேரை மட்டும் வைத்துக் கற்க முடியாது. அந்தச் சேர்ந்த மாற்றங்களை எழுதும் எண் அட்டவணையை (அணியை) இந்தத் தூரத்துக்காகத் தலைகீழாக்கப் போனால் கணக்கே நின்றுவிடும். ஆயிரக்கணக்கான மரபணுக்களின் மாற்றத்தைச் சுருக்கிச் சொல்லும் முதன்மைக் கூறுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு அதற்குள் அளப்பார்கள். நான் அதையும் பார்த்தேன். அதே ஏழு, அதே ஐந்து.

இந்த இடத்தில் எனக்கு நினைவு வந்தது எலியும் மனிதனும். 2014 கடைசியில் பிஎன்ஏஎஸ் இதழில், மவுஸ் என்கோட் என்ற பெரிய கூட்டு முயற்சியிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. மனிதனில் 13 திசுக்கள், எலியில் அதே 13 திசுக்கள், மொத்தம் 26 மாதிரி. மனித இதயம் எதற்கு நெருக்கம்: எலியின் இதயத்துக்கா, மனிதனின் கல்லீரலுக்கா? எலியின் இதயத்துக்குத்தான் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு, இதயம் எந்த உடலில் இருந்தாலும் இதய வேலைதானே செய்கிறது. கட்டுரையோ மாறாகச் சொன்னது. மாதிரிகள் திசுவாரியாக அல்ல, இனவாரியாகக் கூட்டம் சேர்கின்றனவாம். மனிதத் திசுக்கள் ஒரு பக்கம், எலித் திசுக்கள் ஒரு பக்கம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் யோவ் கிலாடும் ஓர்னா மிஸ்ராஹி-மானும் இதை மறுபடி ஆராய்ந்தார்கள். எந்த மாதிரி எந்தக் கருவியில், எந்த ஓட்டத்தில் போனது என்று கட்டுரையில் இல்லை. அவர்கள் மூல சீக்வென்ஸ் கோப்புகளைத் திறந்தார்கள். அதில் ஒவ்வொரு துண்டுக்கும் மேலே ஒரு பெயர் வரி இருக்கும். கருவியின் பெயர், ஓட்ட எண், மாதிரிகளை ஏற்றும் தகடான ஃப்ளோசெல்லின் எண், அதிலுள்ள தடமான லேனின் எண் எல்லாம் அதில் முக்காற்புள்ளிகளுக்கு நடுவே வரிசையாக இருக்கும். பெரும்பாலோர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவோம். அதை வைத்துப் பிரித்தால் மாதிரிகள் ஐந்து பேட்ச்களாக, அதாவது ஐந்து தொகுதிகளாக ஓடியிருந்தன. ஒரே ஒரு பேட்ச்சில்தான் மனிதனும் எலியும் கலந்திருந்தன. மற்ற நான்கிலும் ஏதாவது ஓர் இனம் மட்டும். அப்படியானால் அங்கே அளந்தது இனத்துக்கு இனம் உள்ள தூரமா, கருவிக்குக் கருவி உள்ள தூரமா? பேட்ச்சின் பங்கைக் கழித்துப் பார்த்தபோது மாதிரிகள் திசுவாரியாகச் சேர்ந்தன என்று 2015 மே மாதம் எழுதினார்கள். மூல ஆய்வாளர்கள் தங்கள் முடிவில் உறுதியாக நின்றார்கள்.

கிலாட் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இனமும் பேட்ச்சும் இப்படிப் பின்னிக்கிடந்தால், பேட்ச்சைக் கழிக்கும்போது இனத்தின் உண்மையான பங்கும் கொஞ்சம் சேர்ந்து போய்விடும். அந்த 26 மாதிரிகளை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் அறுதியிட்டுத் தீர்ப்பு சொல்ல முடியாது. எந்தக் குழாய் எந்த லேனில் என்று வரிசைப்படுத்திய அன்றே அது முடிந்துபோய்விட்டது. பிறகு எந்தத் தூரத்தை எடுத்தாலும் அதை மீட்க முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். அத்தனை திசு, அத்தனை உழைப்பு.

அந்தப் பயத்தோடுதான் என் படத்தை மறுபடி பார்த்தேன். ஒரு கூட்டத்தில் இருந்தவை 1 முதல் 7 வரை. இன்னொன்றில் 8 முதல் 12 வரை. கீழ்த்தளத்துக்குப் போய், ஆர்என்ஏ பிரிக்கும் அக்காவிடம் காட்டினேன்.

"அக்கா, இந்த ஏழும் அந்த அஞ்சும் தனித்தனியா நிக்குது. ஏதாவது தோணுதா?"

"இரு தம்பி" என்று தன் நோட்டை எடுத்துப் புரட்டினார். நீல மையில் இரண்டு வரி. 'வெள்ளி: 1–7 முடிந்தது, கிட் தீர்ந்தது. மீதி திங்கள், புது கிட்.'

மருந்தைவிட அந்த இரண்டு நாள் இடைவெளியும், ஆர்என்ஏ பிரிக்கும் புதுக் கிட்டும்தான் ரத்தத்துக்கு ரத்தம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியிருந்தன. நல்லவேளை, வெள்ளிக்கிழமை ஏழு பேரில் நாலு பேர் மருந்து எடுத்தவர்கள், மூணு பேர் எடுக்காதவர்கள். திங்கட்கிழமை ரெண்டும் மூணும். எலி-மனிதன் போல அவ்வளவு மோசமாகச் சிக்கிக்கொள்ளவில்லை. பிரித்த நாளை ஒரு காரணியாகக் கணக்கின் மாதிரியமைப்பில் (மாடலில்) சேர்த்தேன். படத்துக்காக மட்டும் அதன் பங்கைக் கழித்துவிட்டு, 66 தூரத்தையும் மறுபடி போட்டேன். இந்த முறை ஆறும் ஆறும் வந்தது.

ஆனால் ஆட்கள் மாறியிருந்தார்கள். 6ஆம் மாதிரி மருந்து எடுத்தவருடையது, எடுக்காதவர்கள் நடுவே நின்றது. 9ஆம் மாதிரி எடுக்காதவருடையது, எடுத்தவர்கள் நடுவே நின்றது. ஒன்று மட்டும் தள்ளி நின்றால் அந்த ஆளுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்திருப்பேன். இரண்டும் இடம் மாறி நிற்கவே, குழாய்கள் மாறிப்போயிருக்குமோ என்று இரண்டே இரண்டு மரபணுவைத் தேடினேன். எக்ஸிஸ்ட் மரபணு பெண்களின் ரத்தத்தில் நிறைய இருக்கும், ஆண்களில் அநேகமாக இருக்காது. ஆர்பிஎஸ்4ஒய்1 என்பது ஒய் குரோமோசோமில் இருப்பது, ஆண்களில் மட்டும் தெரியும். பட்டியல்படி 6 ஆண், 9 பெண். அட்டவணையில் 6இல் எக்ஸிஸ்ட் ஆயிரக்கணக்கில் இருந்தது. 9இல் அது பூஜ்யம், ஆர்பிஎஸ்4ஒய்1 மட்டும் நிறைய.

மறுபடி கீழே போனேன். அக்கா ஃப்ரீசரைத் திறந்து மிச்சமிருந்த இரண்டு குழாய்களை எடுத்து மேசையில் வைத்தார். வட்ட மூடி, அதன்மேல் கறுப்பு மார்க்கரில் ஒரே ஓர் எண். குழாயைத் திருப்பினால் 6 ஒன்பதாகிறது, 9 ஆறாகிறது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்ன லேபிளை உறைபனி துடைத்துப் படித்தோம். வெள்ளிக்கிழமை 6 என்று எடுத்தது 9, திங்கட்கிழமை 9 என்று எடுத்தது 6.

அக்கா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மார்க்கரை எடுத்து இரண்டு மூடியிலும் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார்.

அடுத்த வேலைக்கு 96 மாதிரி வரவிருந்தது. மறுநாள் காலையில் ஃப்ரீசர் கதவில் அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தலைகீழாகப் பார்த்தால் வேறு எண்ணாகிவிடும் ஜோடிகளை எல்லாம் ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்: 6–9, 16–91, 18–81, 19–61, 68–89. ஒவ்வொன்றின் கீழும் கோடு.